ஏரியின் ஆழமில்லாத பக்கத்தை விட்டுவையுங்கள்

மதிப்பிற்குரிய ஏரிக் குழுத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

உபரிநீர் வழியும் கலிங்கை ஒட்டிய வாசலில் மாட்டியிருக்கும் அறிவிப்புப் பலகையைப் படித்தோம். திட்ட அறிக்கையின் நகலையும் வாங்கிப் படித்துவிட்டோம். டிசம்பர் முதல் வாரம் ஏரியை வடிப்பது, உள்வாய் (நீர் நிற்கும் படுகை) முழுவதையும் ஒரே மட்டமாக 3 மீட்டர் ஆழத்துக்குத் தோண்டுவது, நாலாபுறமும் கல் பதித்த கரை எழுப்பி அதன்மேல் நடைபாதையும் விளக்குக் கம்பங்களும் போடுவது, நடுவில் படகுச் சவாரியும் இசை நீரூற்றும் அமைப்பது என்று வேலை வகுத்திருக்கிறார்கள். சுற்றிலும் குடியிருப்பவர்கள் சார்பில் ஏரிக் குழு ஒப்புதல் கொடுத்துவிட்டதாக அறிக்கையின் கடைசிப் பக்கம் சொல்கிறது. அந்த ஒப்புதலைத் திருத்த வேண்டும் என்று கேட்கவே இந்த மடல். சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்குக் கன்னடத்தில் தனி மனு கொடுத்திருக்கிறோம். கையெழுத்துப் போட்டது நம் குழு என்பதாலும், ஏரியைச் சுற்றியுள்ள தெருக்களில் பாதிக்கு மேல் தமிழ் வீடுகள் என்பதாலும் இதைத் தமிழில் எழுதுகிறோம். நாங்கள் இதே ஏரியில் குளிர்காலப் பறவைகளைக் கணக்கெடுத்து வருகிறவர்கள்.

முதலில் அறிக்கையின் பறவைப் பக்கம். காகம், மாடப்புறா, மைனா, கரும்பருந்து, சின்னக் கொக்கு, நாமக்கோழி. அவ்வளவுதான் பட்டியல். கீழே, ‘குறிப்பிடத்தக்க வலசைப் பறவைகள் இல்லை’ என்று ஒரு வரி. கணக்கெடுத்த நாள் மே மாத நடுப்பகுதி, நேரம் பகல் 11 மணி. மே மாதத்தில் வலசைப் பறவை எப்படி இருக்கும்? பொரி உள்ளானும் கொசு உள்ளானும் அப்போது சைபீரியப் பக்கம் முட்டையிடப் போயிருக்கும். வாலாட்டிகளும் உள்ளான்களும் ஆகஸ்ட் கடைசியிலிருந்தே பெங்களூருக்கு வரத் தொடங்கும். வாத்துகள் அக்டோபர், நவம்பரில் இறங்கும். டிசம்பர், ஜனவரியில் எண்ணிக்கை உச்சத்தில் இருக்கும். மார்ச்சில் கலையத் தொடங்கி ஏப்ரல் கடைசிக்குள் பெரும்பாலும் போய்விடும். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பை 1987 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் வைப்பதும், தமிழ்நாட்டில் பொங்கலை ஒட்டி நான்கு நாள் பறவைகளைக் கணக்கெடுப்பதும் இந்த உச்சப் பருவத்தில்தான். மே மாதப் பட்டியலை வைத்துக் குளிர்கால ஏரிக்குத் தீர்ப்பு எழுதக்கூடாது.

சரியான மாதத்தில் வந்திருந்தாலும் அவர்கள் நின்ற இடம் சரியில்லை. அறிக்கையில் உள்ள படங்கள் எல்லாம் கிழக்கே, கரையின் மேல் நின்று எடுத்தவை. சிறு பறவைகள் இருப்பது எதிர்ப்புறம், வரத்துக் கால்வாய் ஏரிக்குள் நுழையும் மேற்குப் பக்கம். இடையில் 350 மீட்டர் தண்ணீர். 8 மடங்கு பைனாகுலரில் அந்தத் தொலைவிலிருந்து கொசு உள்ளானையும் பட்டாணி உப்புக்கொத்தியையும் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. சேற்று நிறத்தில் ஏதோ ஓடுவதே கண்ணில் படாமல் போகும். முக்காலியில் நிறுத்திய தொலைநோக்கி, குறைந்தது 20 மடங்கு, வேண்டும். அல்லது மேற்கே நடந்து போக வேண்டும்.

முறையான கணக்கெடுப்புக்குப் பெரிய செலவு இல்லை. நவம்பர், டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி நான்கு மாதமும் மாதம் இரண்டு முறை, காலை ஆறரைக்குத் தொடங்கி எட்டரைக்குள் முடிக்க வேண்டும். ஏரியைச் சுற்றி நான்கைந்து நிலையான இடங்களைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் பத்து நிமிடம் நிற்க வேண்டும். காலை வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நிற்காவிட்டால் எல்லாப் பறவையும் கறுப்பாகவே தெரியும். ஒருவர் எண்ண, இன்னொருவர் எழுத வேண்டும். கூட்டமாக இருந்தால் பத்துப் பறவை எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று பார்த்து, அந்த அளவால் கூட்டத்தை அளந்து எண்ண வேண்டும். இரண்டு முறை எண்ணியதில் பத்து சதவீதத்துக்கு மேல் வேறுபாடு வந்தால் மூன்றாம் முறையும் எண்ண வேண்டும். விசிறிவால் உள்ளான், மயில் உள்ளான் போன்றவை கோரைக்குள் பதுங்கும். கோரை ஓரத்தில் அசையாமல் கால் மணி நேரம் நின்றால்தான் அவை வெளியே வரும். கோரைக்குள் கல்லெறிந்து கிளப்பிவிட்டு எண்ணுகிறவர்களும் உண்டு. அந்தக் கணக்கை நாங்கள் ஏற்பதில்லை.

இனி முக்கியமான விஷயம்.

பெங்களூர் ஏரிகள் இயற்கையாக விழுந்த பள்ளங்கள் அல்ல. ஓடைக்குக் குறுக்கே ஒரே ஒரு கரை போட்டு நீரைத் தேக்கிய, கன்னடத்தில் கெரே எனப்படும் ஏரிகள். கரைப் பக்கம் ஆழம், எதிர்ப்பக்கம் உள்வாய் மெல்ல மெல்ல மேலேறி நிலத்தோடு கலந்துவிடும். எது ஏரி, எது வயல் என்று கோடு போட முடியாத அந்தப் பக்கத்தில்தான் குளிர்காலப் பறவைகளின் சாப்பாடு இருக்கிறது. அறிக்கை இதை ‘பயனற்ற சேற்றுப் பகுதி’ என்று குறிக்கிறது. அகலத் தாம்பாளமாக இருக்கும் ஏரியை அண்டாவாக்குகிற வரைபடம் இது. அண்டாவில் தண்ணீர் நிறைய நிற்கும், உள்ளான் நிற்காது.

ஏன் நிற்காது என்பதைப் பறவையின் உடம்பிலிருந்தே சொல்லலாம். கொசு உள்ளானின் அலகு 2 சென்டிமீட்டருக்கும் குறைவு. பொரி உள்ளானுக்குச் சுமார் 3, விசிறிவால் உள்ளானுக்கு 6 முதல் 7. இவை தேடுவது சேற்றின் மேல் படலத்தில் நெளியும் ரத்தப்புழுக்களையும் பூச்சிப் புழுக்களையும் மண்புழுக்களையும்தான். நீரின் ஆழம் 5 சென்டிமீட்டரைத் தாண்டினால் சிறிய உள்ளான்களுக்கு வேலையில்லை. நீளக்கால் உள்ள நெடுங்கால் உள்ளான் 15, மிஞ்சினால் 20 சென்டிமீட்டர் நீரில் நிற்கும். நீலச்சிறகியும் ஊசிவால் வாத்தும் தலையைக் கவிழ்த்து வாலைத் தூக்கி மேய்கிறவை, முங்குகிறவை அல்ல. அவற்றுக்கும் 30 சென்டிமீட்டர் ஆழம்தான் வசதி. 3 மீட்டர் ஆழத்தில் மீன் பிடிக்கக்கூடியவை முக்கியமாக நீர்க்காகமும் பாம்புத்தாராவும்தான். அவை ஆண்டு முழுவதும் இங்கேயே இருப்பவை. திட்டம் முடிந்த பிறகும் ஏரியில் பறவை தெரியும், ‘பாருங்கள், பறவை இருக்கிறதே’ என்று சொல்லவும் முடியும். ஆனால் வடக்கிலிருந்து வருகிறவை வந்து, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, போய்விடும்.

கணக்கும் போட்டுக் காட்டுகிறோம். அறிக்கையில் உள்ள கரையின் சரிவு, ஒரு மீட்டர் இறங்க இரண்டு மீட்டர் நீளம். அதாவது விளிம்பிலிருந்து 30 சென்டிமீட்டர் ஆழம் வரை உள்ள பட்டையின் அகலம் 60 சென்டிமீட்டர். அதிலும் சேறு இல்லை, பதித்த கல். ஒரு மீட்டர் இறங்க 20 மீட்டர் நீளம் என்று சரிவை மெலிதாக விட்டால் அதே பட்டை 6 மீட்டர் அகலமாகும். ஒரு கிலோமீட்டர் விளிம்புக்கு முதலாவதில் 600 சதுர மீட்டர், இரண்டாவதில் 6,000. முதலாவதில் புழு இல்லை என்பது தனி.

மெலிந்த சரிவுக்கு இன்னொரு பலன் உண்டு. மழை நின்றபின் ஆவியாவதால் மட்டும் நம் ஊர் ஏரிகள் மாதம் 10 முதல் 15 சென்டிமீட்டர் இறங்கும். அந்தச் சரிவில் 10 சென்டிமீட்டர் இறங்கினால் இரண்டு மீட்டர் அகலத்துக்குப் புதுச் சேறு வெளிப்படும். நவம்பரில் தொடங்கி மார்ச் வரை ஒவ்வொரு வாரமும் புதிதாக ஒரு பந்தி திறந்தபடி இருக்கும். பறவைகள் நீர் விளிம்போடு சேர்ந்து உள்ளே நகர்ந்து வரும். இந்த இறக்கம் நடக்காத ஏரிகளும் நகரத்தில் பல இருக்கின்றன. கழிவுநீரோ, சுத்திகரித்த நீரோ நாள் தவறாமல் உள்ளே வருவதால் கோடைவரை கலிங்கு மட்டத்திலேயே நிற்கும். நம் ஏரியிலும் அதுதான் வரப்போகிறது, சுத்திகரிப்பு நிலையத்தின் நீரை ஆண்டு முழுவதும் விடப்போவதாக அறிக்கை சொல்கிறதே. அதற்கு மாற்று மதகில் இருக்கிறது. டிசம்பர் தொடக்கத்தில் மதகைச் சிறிது திறந்து வாரம் 3 சென்டிமீட்டர் வீதம் இறக்கினால் பிப்ரவரி கடைசிக்குள் 30 முதல் 40 சென்டிமீட்டர் இறங்கியிருக்கும். ஒரே நாளில் இறக்கக்கூடாது. சேறு ஒரேயடியாகக் காய்ந்து வெடித்தால் உள்ளே இருக்கும் புழு செத்துவிடும்.

‘அப்படியானால் கொள்ளளவு குறையுமே’ என்று பொறியாளர் கேட்பார். நியாயமான கேள்விதான். நம் ஏரி சுமார் 10 ஹெக்டேர். மேற்கே மூன்றில் ஒரு பங்கு, 3.3 ஹெக்டேரை, இருக்கிறபடி விட்டுவிடுங்கள். அங்கே சராசரியாக ஒரு மீட்டர் தோண்டாமல் விட்டால் இழப்பு 33,000 கன மீட்டர். மீதியுள்ள 6.7 ஹெக்டேரில் திட்டமிட்டதைவிட அரை மீட்டர் கூடுதலாகத் தோண்டினால் 33,500 கன மீட்டர் திரும்பக் கிடைத்துவிடும். ஆழமான நீரில் பரப்பு மாறாமல் அளவு மட்டும் கூடுவதால் ஆவியாகி வீணாவதும் அதிகரிக்காது. இரண்டு எச்சரிக்கை மட்டும். கரையின் அடியை ஒட்டித் தோண்டினால் கரை சரியும். வண்டலுக்குக் கீழே உள்ள களிமண் படுகையை உடைத்தால் நீர் தங்காது. ஆகவே நாலைந்து இடத்தில் குழி போட்டு வண்டலின் கனத்தைப் பார்த்த பிறகே அந்த அரை மீட்டரை முடிவு செய்ய வேண்டும். இது உங்கள் பொறியாளருக்குத் தெரிந்ததுதான். அறிக்கையில் குழி போட்டுப் பார்த்த குறிப்பு எங்கும் இல்லை என்பதால் சொல்கிறோம்.

சுற்றுக்கரையால் வரும் கேடு பறவையோடு நிற்பதில்லை. மேற்கேயும் கரை எழுந்தால், மழையில் அந்தப் பக்கத் தெருக்களிலிருந்து பரவி வரும் நீர் ஏரிக்குள் இறங்க வழியில்லாமல் வீடுகளின் வாசலில் நிற்கும். ராஜகாலுவே (பெரிய மழைநீர்க் கால்வாய்) ஒன்றின் வழியாக மட்டும் உள்ளே வா என்று மழைக்கு உத்தரவு போட முடியாது.

வேலை தொடங்கும் மாதம் அடுத்தது. ஏரி காய்ந்திருக்கும்போதுதான் தூர் வார முடியும், அதனால் டிசம்பர் என்கிறார் ஒப்பந்ததாரர். காய வேண்டும் என்பது சரி, டிசம்பர் என்பது சரியல்ல. செப்டம்பர், அக்டோபரில்தான் இங்கே கனமழை. ஏரி நிறைந்து இரண்டு மாதம்கூட ஆகாத நேரத்தில், பறவைக் கூட்டம் உச்சத்தில் இருக்கும்போது, மோட்டார் வைத்து இறைத்து வெளியேற்றப் போகிறீர்கள். அந்த டீசல் செலவையும் நாம்தான் கொடுக்கிறோம். பிப்ரவரி, மார்ச் வாரங்கள் பறவைகளுக்கு மிகவும் முக்கியமானவை. திரும்பிப் பறக்கத் தேவையான கொழுப்பை அப்போதுதான் உடம்பில் ஏற்றிக்கொள்ளும். அந்த நேரத்தில் துரத்தப்பட்டால் பக்கத்து ஏரிக்குப் போகும், அங்கே ஏற்கெனவே கூட்டம். பக்கத்து ஏரியும் இதே ஆண்டு தூர் வாரப்படுகிறது என்றால் போக்கிடமே இல்லை.

மார்ச் நடுவில் தொடங்கி மே கடைசிக்குள் முடிக்கலாம். ஏப்ரலில் கோடை மழை இரண்டு மூன்று முறை இடைஞ்சல் செய்யும், உண்மைதான். ஒரே கோடையில் முடியாவிட்டால் இரண்டு கோடையாகப் பிரித்துக்கொள்ளலாம். நடுவில் தற்காலிகமாக ஒரு மண் தடுப்புப் போட்டு முதல் ஆண்டு வடபாதி, அடுத்த ஆண்டு தென்பாதி. அப்போது முக்குளிப்பானுக்கும் புள்ளிமூக்கு வாத்துக்கும் எப்போதும் பாதி ஏரியாவது மிஞ்சும். மார்ச்சில் வெற்றுத் தரையில் ஆட்காட்டியும் உப்புக்கொத்தியும் முட்டையிடத் தொடங்கும். முட்டை மண்ணாங்கட்டி நிறத்தில் இருக்கும், இயந்திரத்தின் மேலிருந்து தெரியாது. வேலை தொடங்கும் அன்று காலை ஒருவர் நடந்து பார்த்து, முட்டை உள்ள இடத்தில் நான்கு குச்சி நட்டு ரிப்பன் கட்டினால் போதும். அந்த வேலையை நாங்கள் செய்து தருகிறோம், கூலி வேண்டாம்.

ஏரியை வடிக்கும்போது கவனிக்க வேண்டிய இன்னொன்றை அறிக்கை தொடவே இல்லை. கடைசியில் மிஞ்சும் குட்டைகளில் மீன் செத்து மிதக்கும். வெப்பமான, காற்றில்லாத அந்தச் சேற்றில் பாட்டுலிசம் நச்சை உண்டாக்கும் பாக்டீரியா பெருகும். செத்ததில் மொய்க்கும் புழு நச்சைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். புழுவைத் தின்ற பறவையின் கழுத்து துவண்டு, சிறகு விழுந்து, அது சாகும். அதன் உடலில் மேலும் புழு. 2019 நவம்பரில் ராஜஸ்தானின் சாம்பர் ஏரியில் ஆயிரக்கணக்கான பறவைகள் இப்படித்தான் மடிந்தன. ஆகவே வடிக்கும் நாட்களில் காலையும் மாலையும் செத்த மீனையும் பறவையையும் கையுறை போட்டு அள்ளி, ஏரிக்கு வெளியே ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். கரையோரம் குவித்துவைத்து ‘நாளைக்கு லாரி வரும்’ என்று விடக்கூடாது.

நடைபாதை வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. நம் வீட்டுப் பெரியவர்களும் அங்கேதான் நடக்கிறார்கள். நான்கு பக்கமும் வேண்டாம் என்கிறோம். கிழக்குக் கரையிலும் வடக்கிலும் தெற்கிலும் போட்டு, மேற்கை மட்டும் விட்டுவிடுங்கள். வட்டமாகச் சுற்ற முடியாது, போய்த் திரும்ப வேண்டியிருக்கும். நடக்கிற தூரம் குறையாது. படகு விஷயத்தில் சமரசத்துக்கு இடமே இல்லை. 10 ஹெக்டேர் ஏரி வட்டமாக இருந்தால் நடுவிலிருந்து விளிம்பு 180 மீட்டர்கூட இல்லை. மேய்ந்துகொண்டிருக்கும் வாத்துக் கூட்டம் கரையில் நடப்பவரை ஐம்பது அறுபது மீட்டர் வரை பொறுத்துக்கொள்ளும். நீரில் தன்னை நோக்கி வரும் படகைக் கண்டால் அதைவிட வெகு தொலைவிலேயே எழும்பிவிடும். ஒரு படகு போதும், முழு ஏரியும் காலி. நீரூற்று நீருக்கு ஆக்சிஜன் கொடுக்கும் என்று அறிக்கை வாதாடுகிறது. மேற்பரப்பு நீரை மேலே தூக்கிப் போடுவதால் அடிநீருக்குப் பெரிதாக ஒன்றும் கிடைப்பதில்லை. ஆக்சிஜன்தான் நோக்கம் என்றால் அடியில் குழாய் போட்டுக் காற்றுக் குமிழி விடும் கருவியை வையுங்கள். அது பாட்டுப் பாடாது.

விளக்கு: அறிக்கையில் 9 மீட்டர் உயரக் கம்பத்தில் வெள்ளை எல்இடி. வக்காவும் சீழ்க்கைச் சிரவியும் இரவில் இரை தேடுபவை, வெளிச்சம் விழும் நீரில் இறங்கத் தயங்கும். 4 மீட்டருக்கு மேல் வேண்டாம். மஞ்சள் ஒளி, நிற அளவு 3,000 கெல்வினுக்குள். மேலேயும் நீர்ப்பக்கமும் மறைத்து, ஒளி பாதையில் மட்டும் விழும்படி இருக்கட்டும். இரவு பத்துக்கு வாசல் பூட்டியபின் விளக்கு யாருக்கு?

பாசி, செடி எல்லாவற்றையும் ‘களை’ என்று ஒரே வரியில் சேர்த்து அகற்றச் சொல்லியிருக்கிறார்கள். ஆகாயத்தாமரையை முழுவதும் எடுங்கள், வேரோடு எடுத்து ஏரிக்கு வெளியே கொண்டுபோய்க் காயவையுங்கள். கரையோரம் கொட்டினால் அடுத்த மழையில் உள்ளே வந்துவிடும். ஆனால் சம்பும் கோரையும் வேறு வகை. நீலத் தாழைக்கோழியும் கம்புள்கோழியும் கூடு வைப்பதும், நாணல் கதிர்க்குருவி குளிர்காலம் முழுதும் தங்குவதும், சேற்றுப் பூனைப்பருந்து தாழப் பறந்து வேட்டையாடுவதும் அங்கேதான். சம்பையும் கட்டுப்பாடில்லாமல் விட்டால் சேற்றை மூடிவிடும், அதையும் சொல்லிவிடுகிறோம். மொத்தப் பரப்பில் கால்பங்குக்கு மேல் போகாமல், ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்கைக் கீற்றுக் கீற்றாக வெட்டினால் போதும். வெட்டுவதும் மார்ச், ஏப்ரலில்.

அறிக்கையின் தீவு, படத்தில் அழகாகத்தான் இருக்கிறது. வட்டமாக, கல் பதித்து, நடுவில் பனை வகை அலங்கார மரம். கல் பதித்த செங்குத்து விளிம்பில் வாத்து ஏற முடியாது, அலங்கார மரத்தில் நாரை கூடு கட்டாது. வேடந்தாங்கலில் நீர்க்கடம்பு, கூந்தன்குளத்தில் கருவேலம் என்று கூடு தாங்கும் மரங்கள் எவை என்பது நம் ஊர்களில் தெரிந்த செய்தி. தோண்டியெடுத்த வண்டலிலேயே இரண்டு தீவு அமையுங்கள். ஒன்றில் நாட்டுக் கருவேலம் நடலாம், கொக்கும் நீர்க்காகமும் எடுத்துக்கொள்ளும். மற்றொன்று மரமே இல்லாமல் மொட்டையாக, நிறைமட்டத்துக்கு அரை மீட்டர் மேலே, சரிவு மெலிதாக. இரண்டும் கரையிலிருந்து 20 மீட்டராவது தள்ளி, இடையில் ஒரு மீட்டருக்குக் குறையாத ஆழத்தோடு இருந்தால் நாய்கள் எளிதில் போய்விடாது.

மீன் குத்தகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாலையில் மெல்லிய நைலான் இழையாலான தங்கூசி வலையை விரித்துவிட்டுக் காலையில் எடுக்கிறார்கள். முக்குளிப்பானும் பாம்புத்தாராவும் நீருக்கடியில் அதில் சிக்கி மூச்சடைத்துச் சாகின்றன. குத்தகை ஒப்பந்தத்தில் இரவு வலையைத் தடைசெய்து, பகலில் வீச்சுவலை அல்லது இழுவலை என்று எழுதினால் மீன்காரருக்கும் பெரிய நட்டமில்லை. தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியை விடக்கூடாது என்றும் எழுதுங்கள். அது நீர்ப்பறவைக் குஞ்சுகளையும் விழுங்கும்.

கழிவுநீர்க் குழாயைத் திருப்பிவிடுவது, வேலி போடுவது, பிள்ளையார் கரைக்கத் தனிக் குளம் (கல்யாணி) கட்டுவது ஆகிய மூன்றையும் மனமார ஆதரிக்கிறோம். ‘சாக்கடை நின்றால் பறவை வராது’ என்று கூட்டத்தில் ஒருவர் கேலியாகச் சொன்னதாகக் கேள்விப்பட்டோம். பாதி உண்மை அதில் இருக்கிறது. நெடுங்கால் உள்ளானும் ஆண்டி வாத்தும் கழிவு கலந்த நீரில் பெருகும். தலையெண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஏரி நலமாக இருப்பதுபோலத் தோன்றும், ஆனால் இனங்கள் குறைந்துகொண்டே போகும். பெங்களூரின் வடக்கே உள்ள ஜக்கூர் ஏரியில் சுத்திகரித்த நீரைக் கோரைகள் நிறைந்த சதுப்பில் முதலில் பரவவிட்டு, அதன்பின் ஏரிக்குள் விடுகிறார்கள். நம் மேற்குப் பகுதியைத் தோண்டாமல் விட்டால் அதே வேலையை அது இங்கே செய்யும்.

சட்டம் உங்களைக் கட்டாயப்படுத்துகிறதா என்றால், ஓரளவுதான். 2017ஆம் ஆண்டின் சதுப்புநில விதிகள், பாசனத்துக்கும் குடிநீருக்கும் மனிதர் கட்டிய ஏரிகளைத் தம் வரையறைக்கு வெளியே வைத்துவிட்டன. நம் ஏரிக்கு அந்தக் காப்பு இல்லை. ஆனால் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஏரியைப் பார்ப்பதில்லை, பறவையைப் பார்க்கிறது. காட்டுப் பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதும் கூட்டைக் கலைப்பதும் அதன்படி வேட்டையில் சேரும். கூடு உள்ள சம்பை இயந்திரம் வைத்து வாருவது எந்தக் கணக்கில் வரும் என்று ஒப்பந்ததாரரிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

பறவை பார்க்கவும் படமெடுக்கவும் வரும் எங்கள் பக்கத்தவர்களுக்கும் கட்டுப்பாடு வேண்டும். பறக்கும் படம் வேண்டுமென்று கூட்டத்தைக் கிளப்புவது, பதிவுசெய்த குரலைப் போட்டுப் பறவையை வரவழைப்பது, டிரோன் விடுவது மூன்றையும் வாசல் பலகையில் தடை என்று எழுதுங்கள். பைனாகுலர் தூக்கியவர் என்பதற்காக யாருக்கும் விலக்கு வேண்டாம். தீபாவளி இரவில் ஏரிக் கரையில் வெடிப்பதையும் அதில் சேருங்கள், வலசை வந்திறங்கும் வாரங்கள் அவை. சிவகங்கைப் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகளுக்காக ஊரே வெடிக்காமல் இருக்கிறது. இங்கே கரையை மட்டும்தான் கேட்கிறோம்.

குழுவிடம் நாங்கள் கேட்பவை இவை. கொடுத்த ஒப்புதலை இந்த மாதக் கூட்டத்திலேயே நிறுத்திவைத்து, அதை எழுத்தில் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். டிசம்பரில் ஏரியை வடிக்கக்கூடாது. மார்ச் 15க்கு முன் மண்வேலை எதுவும் தொடங்கக்கூடாது. மேற்கே 3.3 ஹெக்டேரைத் தோண்டாமலும் கரை எழுப்பாமலும் பாதை போடாமலும் விடும்படி வரைபடத்தை மாற்றக் கேட்க வேண்டும். படகுத்துறையையும் இசை நீரூற்றையும் நீக்க வேண்டும். விளக்கின் உயரம், ஒளி, நேரம் மூன்றையும் மேலே சொன்னபடி ஒப்பந்தத்தில் எழுதவைக்க வேண்டும். மே மாதப் பறவைப் பட்டியலைத் தள்ளிவிட்டு நவம்பர் முதல் பிப்ரவரி வரை புதிதாகக் கணக்கெடுக்க உத்தரவிட வேண்டும். எங்களிடம் உள்ள பழைய பதிவேடுகளை அதற்காக ஒப்படைக்கிறோம். மதகை இயக்கும் பொறுப்பு யாருடையது என்று பெயர் குறித்து, நீர்மட்ட அளவுகோல் ஒன்றை மதகுச் சுவரில் வரைய வேண்டும். இரவு வலைத் தடையை அடுத்த குத்தகை ஏலத்துக்கு முன் நிபந்தனையாகச் சேர்க்க வேண்டும்.

பொறியாளரும் ஒப்பந்ததாரரும் வந்தால் ஒரு காலை, ஆறரை மணிக்கு, மேற்குப் பக்கம் கூட்டிப்போய்க் காட்ட ஆயத்தமாக இருக்கிறோம். தொலைநோக்கி எங்களிடம் இருக்கிறது. எந்த நாள் என்பதை ஒரு வாரத்துக்குள் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
ஏரியின் குளிர்காலப் பறவைக் கணக்கெடுப்பாளர்கள்
கிழக்குப் பெங்களூர்